சீனாவின் முதல் பதின்மூன்று ஆண்டுகள்: நிலமும் எஃகும் எழுத்தும்

நேயர்களே, இன்றைய சீனாவைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் 1978-ஆம் ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். டெங் சியாவ்பிங் கதவைத் திறந்தார், முதலீடு வந்தது, நாடு உயர்ந்தது என்று கதை சுருக்கமாக முடிந்துவிடுகிறது. அந்தக் கதவு ஏன் மூடிக் கிடந்தது? மூடியவர்கள் எதை எண்ணி மூடினார்கள்? உள்ளே இருந்தவர்கள் என்ன பாடுபட்டார்கள்? இவற்றை அறிய வேண்டுமானால் இன்னும் முப்பது ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும். அதனால் 1949 முதல் 1962 வரையிலான காலத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வேளாண்மை, தொழில், பண்பாடு என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவது நம் வழக்கம். ஆனால் அன்றைய சீனாவில் இம்மூன்றும் தனித்தனியாக நடக்கவில்லை. வயலில் விளைந்த தானியத்திற்கும், உலையில் உருகிய எஃகிற்கும், பேராசிரியர் ஒருவர் வாய்மூடிக் கொண்டதற்கும் நேரடித் தொடர்பு இருந்தது.

1949 அக்டோபர் 1-ஆம் நாள் பெய்ஜிங்கின் தியானன்மென் வாயிலில் நின்று மா சே துங் மக்கள் சீனக் குடியரசை அறிவித்தபோது அவர் கைக்கு வந்தது சிதைந்து போன ஒரு நாடு. ஜப்பானியப் படையெடுப்பும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரும் ஊர்களை அழித்திருந்தன. பணத்திற்கு மதிப்பே இல்லை. பழைய அரசு 1948-இல் வெளியிட்ட தங்க யுவான் தாள் சில மாதங்களிலேயே வெறுங்காகிதமாகிவிட்டது. புதிய அரசு இதற்குக் கண்ட வழி சுவையானது. ஷங்ஹாய் போன்ற நகரங்களில் வங்கிச் சேமிப்பை யுவானில் கணக்கிடாமல் அரிசி, துணி, எண்ணெய், நிலக்கரி ஆகியவற்றின் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டார்கள். விலை ஏறினால் சேமிப்பின் மதிப்பும் ஏறும். மக்களுக்கு வங்கியின்மேல் மீண்டும் நம்பிக்கை வந்தது. 1951-க்குள் விலைவாசி பெருமளவு அடங்கிவிட்டது. கம்யூனிஸ்டுகளைப் பிடிக்காத வணிகர்கள்கூட இதை மனமாரப் பாராட்டினார்கள்.

கைக்கு வந்த பட்டா

1950 ஜூன் மாதம் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஊர்தோறும் கட்சி ஊழியர்கள் போய் இறங்கினார்கள். ஒவ்வொரு குடும்பமும் எந்த வகுப்பு என்று முடிவு செய்தார்கள்: நிலக்கிழார், பணக்கார விவசாயி, நடுத்தர விவசாயி, ஏழை விவசாயி, கூலி. அன்று ஒட்டப்பட்ட அந்தப் பட்டம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்வரை தொடர்ந்தது. பள்ளியில் இடம் கிடைப்பதும் திருமணம் அமைவதும்கூட அதைப் பொறுத்தே இருந்தன.

பிறகு "துயர் உரைக்கும்" கூட்டங்கள் நடந்தன. குத்தகை கொடுத்துக் கொடுத்தே நொடித்தவர்களும் கடனுக்காக மகளை விற்றவர்களும் ஊர் நடுவே நிலக்கிழாரை நிறுத்தி வைத்துப் பேசினார்கள். பல ஊர்களில் கூட்டம் பேச்சோடு நிற்கவில்லை. அடித்தே கொல்லப்பட்டவர்கள் உண்டு. தண்டனை விதித்துச் சுடப்பட்டவர்கள் உண்டு. ஒரு மில்லியனுக்குக் குறையாத உயிர்கள் போயிருக்கும் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. சட்டம் நிலத்தைத்தான் எடுக்கச் சொன்னது. ஆனால் பழைய ஆட்சி இனித் திரும்பாது என்று கிராமத்தார் நம்ப வேண்டுமானால் அவர்கள் கையும் அதில் நனைந்திருக்க வேண்டும் என்று கட்சி எண்ணியது. நான் இதை அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

சுமார் 300 மில்லியன் விவசாயிகளுக்கு 700 மில்லியன் மூ நிலம் பிரித்துத் தரப்பட்டதாக அரசின் கணக்கு. ஆறு மூ சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். நமக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக வாரத்திற்கு உழுதவன் கையில் சிவப்பு முத்திரையிட்ட பட்டா வந்தபோது அது அவனுக்கு ராஜ்யமே கிடைத்ததுபோல்தான்.

அந்தப் பங்கீட்டில் பெண்களுக்கும் உரிமை இருந்தது என்பதை மறக்கக் கூடாது. அதே ஆண்டு மே 1-ஆம் நாள் திருமணச் சட்டம் நடப்புக்கு வந்திருந்தது. ஆணுக்கு 20, பெண்ணுக்கு 18 வயது நிறைய வேண்டும்; குழந்தைப் பருவ நிச்சயமும் வைப்பாட்டி முறையும் கூடாது; மணவிலக்குக் கேட்கப் பெண்ணுக்கும் உரிமை உண்டு. இந்தச் சட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனது நாடகம்தான். "லியூ சியாவர்" என்ற இசை நாடகத்தில் தன் திருமணத்தைத் தானே முடிவு செய்யும் பெண்ணாக ஷின் ஃபெங்ஷியா நடித்தார். மேற்குச் சீனாவில் 1943-இல் நடந்த உண்மையான ஒரு வழக்கை வைத்து எழுந்த கதை அது. எழுதப் படிக்கத் தெரியாத மாமியார்களும் மருமகள்களும் அதைப் பார்த்துத்தான் சட்டத்தைத் தெரிந்துகொண்டார்கள். அதற்கு விலையும் இருந்தது. மணவிலக்குக் கேட்டதற்காகக் கணவன் வீட்டாரால் கொல்லப்பட்ட பெண்கள், தற்கொலைக்குத் தள்ளப்பட்ட பெண்கள் பல ஆயிரம். அரசே இதை ஒப்புக்கொண்டு 1953-இல் தனி இயக்கம் நடத்த வேண்டியிருந்தது.

தானியம் எஃகு ஆன விதம்

1953-இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு 156 பெரிய தொழில் திட்டங்கள் பட்டியலிடப்பட்டன. லியாவ்னிங் மாநிலத்தில் உள்ள அன்ஷான் எஃகு ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். போர் முடிந்த 1945-இல் அங்கிருந்த இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போனதே சோவியத் படைகள்தான். அதே சோவியத் பொறியாளர்கள் சில ஆண்டுகள் கழித்து அதைத் திரும்பக் கட்டித் தர வந்தார்கள்! இடைப்பட்ட காலத்தில் மெங் தாய் என்ற தொழிலாளி ஆலையின் குப்பைமேடுகளைத் தோண்டிப் பழைய குழாய்களையும் திருகுகளையும் பொறுக்கிச் சேர்த்து ஒரு கிடங்கே அமைத்துவிட்டார். நின்றுபோன உலைகள் மறுபடி எரிய அந்தச் சாமான்கள் உதவின. நாடு முழுவதும் அவர் பெயர் பரவியது.

1956 ஜூலையில் சாங்சுன் நகரில் "விடுதலை" என்று பெயரிடப்பட்ட முதல் சீன லாரி வெளிவந்தது. 1957 அக்டோபரில் வூஹானில் யாங்சி ஆற்றின் குறுக்கே முதல் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை வடக்கிலிருந்து வரும் ரயில் பெட்டிகளைப் படகில் ஏற்றித்தான் அக்கரை சேர்க்க வேண்டும். எஃகு உற்பத்தி 1949-இல் 1 லட்சத்து 58 ஆயிரம் டன், 1957-இல் 5.35 மில்லியன் டன். எந்த அளவுகோலில் பார்த்தாலும் இது பெரிய சாதனை. நகரத் தொழிலாளிக்கு நிரந்தர வேலை, வீடு, மருத்துவம் எல்லாம் ஆலையே தந்தது. ஷங்ஹாயின் தனியார் ஆலைகளும் 1956 தொடக்கத்தில் அரசோடு இணைக்கப்பட்டன. முதலாளிகளுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி. மேளதாளத்தோடு ஊர்வலமாகப் போய்த் தங்கள் சொத்தை ஒப்படைத்தவர்களில் ரோங் யிரென் ஒருவர். பின்னாளில், 1993-இல், அவர் நாட்டின் துணை அதிபரே ஆனார் என்பது தனிக்கதை.

சரி, இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? சோவியத் கடன் சிறிய பகுதிதான். அதையும் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். மீதி எல்லாம் வயலிலிருந்து வந்தது. 1953 நவம்பரில் தானியத்தை அரசு மட்டுமே வாங்கும், அரசு மட்டுமே விற்கும் என்ற ஆணை பிறந்தது. அதை வகுத்தவர் சென் யுன். விவசாயியிடம் கட்டாயமாக வாங்கினால் கிராமம் கொதிக்கும், வாங்காவிட்டால் நகரம் பட்டினி கிடக்கும்; காவடியின் இரு முனையிலும் வெடிமருந்தைக் கட்டித் தோளில் சுமக்கிறேன் என்ற பொருளில் அவர் பேசினார். விவசாயியிடம் வாங்கும் விலை குறைவு. அந்த மலிவான தானியத்தால் தொழிலாளியின் கூலியைக் குறைத்து வைக்க முடிந்தது. மிச்சம் ஆலைக்குப் போயிற்று. முதல் திட்டத்தின் அரசு முதலீட்டில் பாதிக்கும் மேல் தொழிலுக்கு. வேளாண்மைக்கும் நீர்ப்பாசனத்திற்கும் சேர்த்துப் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கோடிக்கணக்கான சிறு குடும்பங்களிடம் தனித்தனியாகத் தானியம் வசூலிப்பது எளிதல்ல. கூட்டுப் பண்ணைகள் வேகமெடுத்ததற்கு இது முக்கியக் காரணம். முதலில் மாடும் ஏரும் மாற்றிக்கொள்ளும் உதவிக் குழுக்கள். அடுத்துச் சிறு கூட்டுறவுகள். மெல்லப் போகலாம் என்று சொன்ன தோழர்களை 1955 ஜூலையில் மா, கட்டிய பாதத்தோடு தள்ளாடி நடக்கும் பெண்களுக்கு ஒப்பிட்டுக் கேலி செய்தார். 1956 முடிவதற்குள் பெரும்பாலான விவசாயிகள் பெரிய கூட்டுறவுகளுக்குள் வந்துவிட்டார்கள். நிலம் கூட்டுச் சொத்து. சிவப்பு முத்திரையிட்ட பட்டா செல்லாது. ஆறே ஆண்டுகள்! இனி உழைப்புக்கு வேலைப் புள்ளி. ஆணுக்கு ஒரு நாளைக்குப் பத்து என்றால் பெண்ணுக்குப் பெரும்பாலும் ஏழு, எட்டு.

1958 ஜனவரியில் குடும்பப் பதிவுச் சட்டமும் வந்து சேர்ந்தது. கிராமத்தில் பதிவானவன் அனுமதி இல்லாமல் நகரத்தில் குடியேற முடியாது. போனாலும் அங்கே அவனுக்குப் பங்கீட்டுச் சீட்டுக் கிடைக்காது. அடுத்து வந்த ஆண்டுகளில் இந்தச் சட்டம் எத்தனை உயிர்களை ஊருக்குள்ளேயே அடைத்து வைத்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எழுத்தைக் கொடுத்து, பேச்சை எடுத்து

1949-இல் சீனர்களில் ஏறக்குறைய ஐந்தில் நால்வருக்கு எழுத்துத் தெரியாது என்று சொல்வார்கள். அறுவடை முடிந்த குளிர்காலத்தில் ஊர்தோறும் இரவுப் பள்ளிகள் நடந்தன. விவசாயிக்கு 1,500 எழுத்து, தொழிலாளிக்கு 2,000 எழுத்து தெரிந்தால் போதும் என்று 1956-இல் வரையறுத்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் எழுத்துகளை எளிமையாக்கும் திட்டம் வெளியானது. "அன்பு" என்று பொருள்படும் எழுத்தின் நடுவே "இதயம்" என்ற உறுப்பு இருந்தது. எளிய வடிவில் அதை எடுத்துவிட்டார்கள். இதயமில்லாத அன்பா என்று பழமைவாதிகள் இன்றுவரை கேட்கிறார்கள். இந்தச் சீர்திருத்தம் நம் பக்கத்து வீடுவரை வந்தது என்பது நேயர்களுக்குத் தெரிந்ததே. சிங்கப்பூர் 1969-இல் தொடங்கி 1976-இல் சீனாவின் வடிவங்களை முழுமையாக ஏற்றது. மலேசியச் சீனப் பள்ளிகள் 1980-களில் மாறின. நம் பிள்ளைகளின் சீன நண்பர்கள் எழுதுவது அந்த எழுத்துதான்.

1958 பிப்ரவரியில் உரோமன் எழுத்தில் ஒலிகளைக் குறிக்கும் பின்யின் முறை ஏற்கப்பட்டது. அதை வகுத்தவர்களில் முதன்மையானவர் சூ யூகுவாங். அவர் மொழியறிஞரே அல்லர். நியூயார்க்கில் வங்கி வேலை பார்த்துவிட்டு நாடு திரும்பி, ஷங்ஹாயில் பொருளியல் கற்பித்தவர். 1955-இல் எழுத்துச் சீர்திருத்தப் பணிக்காகப் பெய்ஜிங்கிற்கு மாற்றப்பட்டார். இரண்டே ஆண்டில் ஷங்ஹாயின் பொருளியல் அறிஞர்கள்மேல் இடி விழுந்தது. ஊர் மாறியதால் தான் தப்பியதாக அவரே பின்னாளில் சொன்னார். 2017-இல் இறந்தபோது அவருக்கு வயது 111.

அது என்ன இடி? 1942-இல் யெனான் நகரில் மா ஆற்றிய உரையிலேயே கலை என்பது தொழிலாளி, விவசாயி, படைவீரர் ஆகியோருக்கானது என்று வரையறுத்துவிட்டார். 1951-இல் வூ ஷுன் என்பவரைப் பற்றிய திரைப்படம் ஒன்று கடுமையாகத் தாக்கப்பட்டது. பிச்சை எடுத்துச் சேர்த்த பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய மனிதர் வூ ஷுன். அவர் புரட்சி செய்யவில்லையாம்; அது குற்றம்! 1955-இல் எழுத்தாளர் ஹூ ஃபெங் சிறைப்பட்டார். பிறகு காற்று மாறியதுபோல் தோன்றியது. நூறு மலர்கள் மலரட்டும் என்றார் மா. 1957 வசந்தத்தில் அறிவாளர்களைக் குறை சொல்ல அழைத்தார்கள். முதலில் தயங்கியவர்கள் பிறகு பேசினார்கள். கட்சியின் அதிகாரத்தையும் சோவியத் நாட்டைக் கண்மூடிப் பின்பற்றுவதையும் குறை கூறினார்கள். ஜூன் மாதம் கதவு படாரென்று மூடப்பட்டது. 5 லட்சத்து 50 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் "வலதுசாரிகள்" என்று முத்திரை குத்தப்பட்டார்கள். பலர் உழைப்பு முகாம்களுக்குப் போனார்கள். திட்டமிட்டே வலை விரித்தார்களா, அல்லது விமர்சனத்தின் வேகம் கண்டு மா மிரண்டாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எதுவாயினும், பேசியவர்களுக்கு முடிவு ஒன்றே.

பெய்ஜிங் பல்கலைக்கழகத் தலைவர் மா யின்சூவின் கதையை மட்டும் சொல்கிறேன். 1953 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 580 மில்லியனைத் தாண்டியதைக் கண்டு, பிறப்பைக் கட்டுப்படுத்தாவிட்டால் உணவுக்கும் முதலீட்டுக்கும் தட்டுப்பாடு வரும் என்று 1957-இல் அவர் எழுதினார். அடுத்த ஆண்டிலிருந்து கண்டனக் கட்டுரைகள் மழையாகப் பொழிந்தன. எண்பது வயதை நெருங்கிய அந்த முதியவர் மன்னிப்புக் கேட்க மறுத்து, 1960-இல் பதவி இழந்தார். அவர் மேலிருந்த பழி நீங்கியது 1979-இல்.

வாணலி உலைக்குப் போன ஆண்டு

நாட்டில் கணக்குத் தெரிந்தவர்கள் வாய் மூடிய நிலையில்தான் 1958-இன் "பெரும் பாய்ச்சல்" தொடங்கியது. ஏப்ரலில் ஹெனான் மாநிலத்தின் ஷின்யாங் வட்டாரத்தில் "ஸ்புட்னிக்" என்ற பெயரில் முதல் கம்யூன் எழுந்தது. ஆண்டு முடிவதற்குள் நாடெங்கும் 26 ஆயிரத்தை ஒட்டிய கம்யூன்கள். வீட்டுச் சமையல் நின்றது. பொதுச் சாப்பாட்டுக் கூடம் வந்தது. வீட்டில் அடுப்பு இல்லை என்றான பிறகு வாணலி எதற்கு? நாம் குவாலி என்கிறோமே, அந்த வாணலிகளும் கதவுத் தாழ்ப்பாள்களும் கடப்பாரைகளும் கொல்லைப்புற உலைகளுக்குப் போயின. எஃகு உற்பத்தியை ஒரே ஆண்டில் இரு மடங்காக்கி 10.7 மில்லியன் டன் எட்ட வேண்டும் என்பது இலக்கு. சுமார் 90 மில்லியன் மக்கள் அந்த வேலையில் இறக்கப்பட்டார்கள். மலைகள் மொட்டையாகும்வரை மரங்கள் வெட்டி எரிக்கப்பட்டன. கிடைத்ததில் பெரும்பகுதி எதற்கும் உதவாத கட்டி இரும்பு. நல்ல இரும்பைக் கெட்ட இரும்பாக்கினார்கள் என்பதே உண்மை. இதற்கிடையே விளைந்த பயிர் அறுப்பாரின்றி வயலிலேயே கிடந்தது.

விளைச்சல் செய்திகளோ வேறு விதமாக வந்தன. ஹுபெய் மாநிலத்தின் மாசெங்கில் ஒரு மூ நிலத்தில் 36,900 ஜின்னுக்கும் மேல் நெல் விளைந்ததாக 1958 ஆகஸ்டில் மக்கள் நாளேடு எழுதியது. ஒரு ஜின் என்பது அரை கிலோ. நம் காட்டியைவிடச் சற்றுக் குறைவு. கணக்குப் போட்டால் ஏக்கருக்கு நூறு டன்னைத் தாண்டும்! பல வயல்களின் கதிரைப் பிடுங்கி ஒரே வயலில் நெருக்கமாக நட்டு, அதன்மேல் சிறுவர்களை நிறுத்திப் படம் எடுத்தார்கள். கதிருக்குள் பலகை மறைந்திருந்தது. விவசாயி ஒவ்வொருவனுக்கும் இது பொய் என்று தெரியும். எந்த அதிகாரியும் சொல்லவில்லை. முந்தின ஆண்டு பேசியவர்களுக்கு என்ன நடந்தது என்பதை எல்லோரும் பார்த்திருந்தார்களே.

பொய்க்கணக்கு ஏட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தக் கணக்கை வைத்துத்தான் கொள்முதல் நடந்தது. 1958-இல் 200 மில்லியன் டன்னாக இருந்த தானிய விளைச்சல் 1959-இல் 170 ஆகவும் 1960-இல் 143 ஆகவும் வீழ்ந்தது. ஆனால் 1959-இல் அரசு எடுத்துக்கொண்டது 67 மில்லியன் டன், அதாவது விளைந்ததில் சுமார் 40 விழுக்காடு. அந்த ஆண்டு மட்டும் 4 மில்லியன் டன்னுக்கும் மேல் ஏற்றுமதியும் ஆயிற்று. முதல் கம்யூன் பிறந்த ஷின்யாங்கிலேயே சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அரசுக் கிடங்குகளில் தானியம் இருந்தது. தப்பி ஓட முயன்றவர்களைச் சாலையில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் ஒரு பிடி தானியத்தை வேகவைக்கலாம் என்றால் வாணலி இல்லை.

நாடு முழுவதும் இறந்தவர்கள் 15 மில்லியன் முதல் 45 மில்லியன்வரை எனப் பலவாறாகக் கணிக்கப்படுகிறது. 30 மில்லியனை ஒட்டிச் சொல்பவர்கள் பலர். தம் தந்தையை அந்தப் பஞ்சத்தில் இழந்த செய்தியாளர் யாங் ஜிஷெங், 2008-இல் ஹாங்காங்கில் வெளியிட்ட "கல்லறைக்கல்" என்ற நூலில் 36 மில்லியன் என்கிறார். இந்தியாவையும் சீனாவையும் ஒப்பிட்ட அமர்த்தியா சென், பத்திரிகைச் சுதந்திரம் உள்ள நாட்டில் இப்படியொரு பஞ்சம் மறைந்திருக்க முடியாது என்று வாதிட்டார். சாதாரண ஆண்டுகளில் உடல்நலத்திலும் ஆயுளிலும் சீனா இந்தியாவை முந்தியது என்பதையும் அவரே எடுத்துக்காட்டினார். இரண்டையும் சேர்த்துத்தான் நாம் பார்க்க வேண்டும்.

இந்தப் பஞ்சம் நம் மண்ணுக்கும் தெரியாமல் இல்லை. சிங்கப்பூரில் ரப்பரில் பெரும் பொருள் ஈட்டிய டான் கா கீ 1950-இல் சீனாவுக்கே திரும்பிப் போய், தம் ஊரான ஜிமேயில் பள்ளிகள் கட்டினார். சியாமென் நகருக்கு ரயில்பாதை வர வற்புறுத்தி அதைக் கண்ணால் கண்டார். 1961 ஆகஸ்டில், பஞ்ச காலத்தில், மறைந்தார். அதே ஆண்டுகளில் இங்கிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் சீனக் குடும்பங்கள் குவாங்டோங்கிலும் ஃபூஜியானிலும் இருந்த உறவினர்களுக்கு எண்ணெய், சீனி, பன்றிக் கொழுப்பு எனப் பொட்டலம் பொட்டலமாக அனுப்பின. கூட்டாளி நாடு ஒன்று பட்டினியில் கிடக்கிறது என்பதை உலக அரசுகள் உணர்வதற்கு முன்பே நம் ஊர்த் தபால் நிலையங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஏணி எடுத்தவர்கள்

உண்மையைச் சொன்ன ஒருவரும் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். தற்காப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் தம் சொந்த ஊர்ப் பக்கம் போய் நிலைமையைப் பார்த்தவர். 1959 ஜூலையில் லூஷான் மாநாட்டின்போது மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கொரியப் போரில் சீனப் படையை நடத்திய தளபதி அவர். இரண்டு மாதத்தில் பதவி போயிற்று. அதைவிடக் கொடுமை, அவரைத் தண்டித்த சூட்டில் "வலதுசாரிச் சாய்வு" எதிர்ப்பு என்று மீண்டும் கொள்முதலை இறுக்கினார்கள். மிகுதியான சாவு அதன் பிறகுதான் நடந்தது.

1961-இல் கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கோதுமை வாங்கினார்கள். சாப்பாட்டுக் கூடங்கள் கலைந்தன. வீட்டுக்குப் பக்கத்தில் சிறு தோட்டம் வைக்க அனுமதி வந்தது. லியூ ஷாவ்சி அந்த ஆண்டு ஹுனானில் தம் ஊர் விவசாயிகளிடம் நேரில் கேட்டறிந்து, மூன்று பங்கு இயற்கையால், ஏழு பங்கு மனிதரால் என்று அவர்கள் சொன்னதை 1962 ஜனவரியில் ஏழாயிரம் ஊழியர்கள் கூடிய மாநாட்டில் எடுத்துச் சொன்னார். அன்ஹுய் மாநிலத்தில் வயலைக் குடும்பங்களுக்கே பொறுப்பாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள்; விளைச்சல் ஏறியது. பூனை எந்த நிறமாயினும் எலியைப் பிடித்தால் சரி என்று டெங் சியாவ்பிங் சொன்னதாக எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோமே, அது 1962 ஜூலையில் இந்த வயல் பிரிப்பைப் பற்றிப் பேசும்போது சொன்னது. ஆலையையோ அந்நிய முதலீட்டையோ பற்றியது அல்ல. அந்த ஆண்டு முடிவதற்குள் மா அந்தச் சோதனையை நிறுத்திவிட்டார்.

அதே அன்ஹுய் மாநிலத்தில், பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட ஃபெங்யாங் வட்டாரத்தில், ஷியாவ்காங் என்ற சிற்றூரின் 18 விவசாயிகள் 1978 குளிர்காலத்தில் இரகசியமாகக் கூடிக் கூட்டு நிலத்தைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு ஒரு தாளில் கைரேகை வைத்தார்கள். இதனால் ஊர்த் தலைவர்கள் சிறைக்குப் போக நேர்ந்தால் அவர்கள் பிள்ளைகளைப் பதினெட்டு வயதுவரை மற்றவர்கள் வளர்ப்பது என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது.